ஓட்டக் காலணியை எப்போது மாற்றுவது? கிலோமீட்டர் கணக்கும் நுரையின் நிலையும்

தென்னாப்பிரிக்காவில் ஜனவரி பிறந்துவிட்டால் டர்பன் கடற்கரை நடைபாதையில் விடியுமுன்னரே ஓடுவோர் கூட்டம் பெருகத் தொடங்கும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையிலான சுமார் 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய காம்ரேட்ஸ் மாரத்தான் வழக்கமாக ஜூன் மாதத்தில் நடைபெறுவதால், அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பயிற்சி எடுப்பவர்கள் பலர். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பகுதித் தமிழ்க் குடும்பத்தினரும் அவர்களில் உண்டு. காம்ரேட்ஸ் பக்கமே போகாமல், மருத்துவர் சொன்னதற்காகக் காலையில் நான்கைந்து கிலோமீட்டர் நடப்பவர்களும் நிறையப் பேர். இரு சாராரையும் குழப்பும் கேள்வி ஒன்றுதான்: இங்கு எல்லோரும் ‘டேக்கீஸ்’ என்று அழைக்கும் ஓட்டக் காலணியை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கடையில் 500 கிலோமீட்டர் என்கிறார்கள். ஓட்டக் குழுவின் மூத்தவர் 1,000 கிலோமீட்டர் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். அடி ரப்பரில் வரிகள் அழியாமல் இருக்கும்வரை மாற்றத் தேவையில்லை என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. நல்ல ஓட்டக் காலணி ஒன்றின் விலை 2,000 ரேண்டைத் தாண்டிப் போய்விட்ட நிலையில், அவசரப்பட்டு மாற்றினால் பணம் போகும்; காலம் தாழ்த்தினால் கால் போகும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, காலணியில் தேய்வது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## காலணியின் நான்கு பகுதிகள்

ஓட்டக் காலணியை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. அடி ரப்பர். தரையைத் தொடுவது இது. வழுக்காமல் பிடிப்பதும், உராய்வைத் தாங்குவதும் இதன் வேலை. குதிகால் பகுதியில் கடினமான ரப்பரும், முன்பகுதியில் காற்றூட்டிய மென்மையான ரப்பரும் வைப்பது வழக்கம்.

2. நடுத்தளம். அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் இடையே உள்ள தடித்த நுரைப் பகுதி. கடைகளில் ஃபோம் என்றும் மிட்சோல் என்றும் சொல்வது இதைத்தான். தரையில் கால் மோதும்போது ஏற்படும் அதிர்வை வாங்கிக்கொள்வது இந்தப் பகுதியே.

3. உள்மெத்தை. காலணிக்குள் கையை விட்டால் வெளியே எடுக்க முடிகிற மெல்லிய தகடு. பாதத்துக்கு இதமாக இருப்பதற்காக வைக்கப்பட்டது. அதிர்வைத் தாங்குவதில் இதன் பங்கு சிறியது. உள்மெத்தையை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டால் பழைய காலணி புதிதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு.

4. மேற்பகுதி. வலைத்துணியும், நாடாவும், குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கடினமான கிண்ணமும் சேர்ந்தது. பாதத்தை நடுத்தளத்தின் மேல் நேராக நிறுத்தி வைப்பது இதன் பொறுப்பு.

இவற்றில் கண்ணுக்கு எளிதாகத் தெரிவது அடி ரப்பரின் தேய்மானம். முதலில் வலுவிழப்பதோ பெரும்பாலும் நடுத்தளம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

## நுரை எப்படி வலுவிழக்கிறது

1970களின் நடுப்பகுதியில் ஓட்டக் காலணிகளுக்குள் நுழைந்த எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பொருள், சுருக்கமாக இவிஏ, இன்றும் பெரும்பாலான காலணிகளின் நடுத்தளமாக இருக்கிறது. இவிஏ நுரையைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், மூடிய சிறு அறைகள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஒவ்வோர் அறையிலும் வாயு அடைபட்டிருக்கிறது. கால் ஊன்றும்போது அறைச் சுவர்கள் வளைந்து, வாயு அமுங்குகிறது. காலைத் தூக்கியதும் இரண்டும் மீள்கின்றன. இந்த அமுங்கலும் மீள்தலும்தான் மெத்தென்ற உணர்வைத் தருகின்றன.

எத்தனை முறை அமுங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் நுரை ஏன் சோர்கிறது என்பது புரியும். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுபவர் நிமிடத்துக்கு 170 அடி வைப்பதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 அடிகள். ஒரு காலுக்கு 500. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து காலுக்கு வரும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 75 கிலோ எடையுள்ள ஒருவர் 600 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது, ஒரு காலின் நுரை 3,00,000 தடவை, ஒவ்வொரு தடவையும் 150 கிலோவுக்கும் கூடுதலான சுமைக்குக் கீழே அமுங்கி எழுந்திருக்கிறது. அறைச் சுவர்கள் முதலில் சுருங்குகின்றன, பிறகு ஓட்டை விழுகின்றன, உள்ளிருக்கும் வாயு மெல்லக் கசிகிறது. மீள்வதற்கு ஆதாரமே குறைந்துபோன நுரை தட்டையாகிக் கட்டிபடுகிறது.

இவ்வளவும் உள்ளே நடக்கும்போது வெளியே அடி ரப்பர் வரி வரியாக அப்படியே இருக்கலாம். ரப்பர் உராய்வினால் தேய்வது. நுரை அமுங்கலினால் சோர்வது. இரண்டும் வெவ்வேறு கடிகாரங்களில் ஓடுகின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிப்பது சரிவராது.

## 500 முதல் 800 வரை என்ற எண் எங்கிருந்து வந்தது

பரவலாகச் சொல்லப்படும் அளவு 300 முதல் 500 மைல். கிலோமீட்டரில் ஏறத்தாழ 480 முதல் 800. இதற்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால், எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவாகும்.

1. 1985இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் குக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஓட்டத்தைப் போலவே காலணிகளை மோதச் செய்யும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது, 80 கிலோமீட்டரிலேயே அதிர்வு தாங்கும் திறன் முக்கால் பங்காகக் குறைந்தது; 160 முதல் 240 கிலோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு; 400 முதல் 800 கிலோமீட்டருக்குள் 60 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதே ஆய்வில் மனிதர்கள் உண்மையிலேயே ஓடிய காலணிகளில் 800 கிலோமீட்டருக்குப் பிறகும் சுமார் 70 சதவீதம் எஞ்சியிருந்தது.

2. 2004இல் வெர்டெஹோ, மில்ஸ் ஆகிய இருவர் இவிஏ நுரையை மட்டும் எடுத்து ஆராய்ந்தனர். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பாதத்தின் கீழ் விழும் உச்ச அழுத்தம் சராசரியாக இரு மடங்காகியிருந்தது. 750 கிலோமீட்டர் ஓடிய நுரையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அறைச் சுவர்களில் சுருக்கங்களும் சில துளைகளும் காணப்பட்டன.

3. 2009இல் காங் குழுவினர் 24 ஓட்டக்காரர்களைப் புதிய காலணியில் ஓடச் செய்து, அதே காலணியில் 320 கிலோமீட்டர் சாலையில் ஓடிய பிறகு மீண்டும் அளந்தனர். தரையிலிருந்து காலுக்கு வந்த விசையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாறியது ஓட்டமுறை. பாதம் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் நீண்டிருந்தது. முன்சாய்வும் கணுக்கால் அசைவும் சிறிது மாறியிருந்தன.

இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நுரை தளர்வது உறுதி. அது முதல் 100 கிலோமீட்டரிலேயே வேகமாகத் தொடங்கி, பிறகு மெதுவாகத் தொடர்கிறது. நுரை விட்ட வேலையை உடல் எடுத்துக்கொள்கிறது. கெண்டைக்கால் தசைகளும் கணுக்காலும் தம்மையறியாமல் ஓட்டமுறையைச் சற்றே மாற்றி அதிர்வைச் சமாளிக்கின்றன. தசை வலு நன்றாக உள்ள ஓட்டக்காரர் 1,000 கிலோமீட்டர் வரை ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுவது இதனால்தான். எடை கூடியவரோ, பழைய காயம் உள்ளவரோ, திடீரென்று பயிற்சியைக் கூட்டியவரோ அந்தக் கூடுதல் வேலையைத் தாங்க முடியாமல் 500 கிலோமீட்டரிலேயே வலியைச் சந்திப்பதும் இதனால்தான். கடைக்காரரும் மூத்த ஓட்டக்காரரும் தத்தம் அளவில் சரியாகவே சொல்கிறார்கள்.

எனவே 500 கிலோமீட்டர் என்பதைக் காலாவதித் தேதியாகக் கொள்ள வேண்டாம். அந்த எண்ணை எட்டியதும் காலணியைக் கையில் எடுத்துச் சோதிக்கத் தொடங்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதன் பிறகு 100 கிலோமீட்டருக்கு ஒரு முறை சோதித்தால் போதும்.

## ஆயுளைக் கூட்டுவதும் குறைப்பதும்

உடல் எடை, ஓடும் வேகம், தரையின் தன்மை ஆகியவை எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே வேலை செய்கின்றன. அவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் ஓடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை வேறு சில.

முதலாவது, இறக்கம். காம்ரேட்ஸ் ஓர் ஆண்டு டர்பனிலிருந்து மேலேறும், மறு ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழிறங்கும். கீழிறங்கும் ஆண்டில் ஃபீல்ட்ஸ் ஹில் என்னும் செங்குத்தான இறக்கம் பைன்டவுன் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள்கிறது. இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் பிரேக் பிடிப்பது போன்றது. குதிகால் முன்னே நீண்டு ஊன்றுவதால், சமதளத்தில் முழுப் பாதத்துக்கும் பரவும் சுமை குதிகால் நுரையின் பின்னோரத்தில் குவிகிறது. இறக்கத்துக்காகத் தயாராகும் ஆண்டில் அதே காலணி, அதே தொலைவில், முந்தைய ஆண்டைவிட முன்னதாகவே தளர்ந்துபோவதற்கு இது காரணம். சாட்ஸ்வொர்த்தின் மேடு பள்ளங்களில் நாள்தோறும் ஓடுபவர்களுக்கும் இதே கணக்குதான்.

இரண்டாவது, சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்து ஓட வேண்டும் என்ற பாதுகாப்பு விதிப்படி ஓடுபவர் வலப்புற ஓரத்தில் ஓடுகிறார். அப்போது வலக்கால் தாழ்ந்த பக்கத்திலும் இடக்கால் மேட்டுப் பக்கத்திலும் ஊன்றுகிறது. மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் இடக்காலணி உட்பக்கமும் வலக்காலணி வெளிப்பக்கமும் கூடுதலாக அமுங்குகின்றன. காலணியின் அடியைப் பார்த்து, ‘எனக்கு ஒரு கால் கோணல்’ என்று முடிவு கட்டுவதற்கு முன், எந்தச் சாலையில் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்காக ஓடும் பக்கத்தை மாற்றக் கூடாது. வாரத்தில் ஓரிரு நாள்களைக் கடற்கரை நடைபாதை போன்ற சமதளத்துக்கு ஒதுக்கலாம்.

மூன்றாவது, வெப்பமும் ஈரமும். கோடையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டும். அங்கே மற்றப் பொருள்களுக்கு அடியில் அழுந்திக் கிடக்கும் காலணியின் நுரை மென்மையாகி அப்படியே அமுங்கிப்போகும். அடுக்குகளை ஒட்டும் பசையும் நெகிழும். நனைந்த காலணியை அடுப்பருகிலோ துணி உலர்த்தும் இயந்திரத்திலோ வைப்பதும் இதே கேட்டைத் தரும். உள்மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றோட்டமாக வைத்தால் போதும்.

பாலியூரித்தேன் நடுத்தளம் கொண்ட காலணிகளுக்கு ஈரப்பதம் தனி எதிரி. காற்றிலுள்ள நீராவி அந்தப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கிறது. ஆறேழு ஆண்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த காலணியை அணிந்து பத்து அடி நடப்பதற்குள் அடிப்பகுதி பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். டர்பன் போன்ற புழுக்கமான கடலோர ஊரில் இது விரைவாக நடக்கும். தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்று நான்கு ஜோடி வாங்கி அடுக்கி வைப்பது இந்தக் காரணத்தால் எப்போதும் லாபமாக முடிவதில்லை.

நுரையின் வகையும் ஆயுளை மாற்றும். 2013இல் அடிடாஸ் அறிமுகப்படுத்திய, சிறு மணிகளை ஒட்டிச் செய்தது போன்ற டிபியு நுரை, இவிஏவைவிட நீண்ட நாள் மீள்தன்மையைக் காக்கும், எடைதான் கூடுதல். 2017 முதல் நைக்கியின் பந்தயக் காலணிகள் வழியே பரவிய பீபா நுரை மிக லேசானது, துள்ளல் மிகுந்தது, ஆனால் அந்தத் துள்ளல் நீடிப்பதில்லை. விலையுயர்ந்த பந்தயக் காலணி கூடுதல் நாள் உழைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அதைப் பந்தயத்துக்கும் ஒரு சில நீண்ட ஓட்டங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

## வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

இதற்கு மேசை ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும். குளிர் உறையும் ஜோகன்னஸ்பர்க் காலைப் பொழுதில் இச்சோதனையைச் செய்ய வேண்டாம். குளிரில் இவிஏ இறுகிவிடுவதால் நல்ல நுரையும் செத்ததுபோல் தோன்றும். காலணி அறை வெப்பத்தில் ஓர் இரவு கிடந்த பிறகு பார்க்க வேண்டும்.

1. பின்னாலிருந்து பார்த்தல். இரு காலணிகளையும் மேசைமேல் அருகருகே வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திக் குதிகால் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். குதிகால் கிண்ணத்தின் நடுக்கோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்து நின்றால், அந்தப் பக்கத்து நுரை நிரந்தரமாக அமுங்கிவிட்டது என்று பொருள். மற்ற எல்லாச் சோதனையிலும் தேறினாலும் இதில் தோற்ற காலணியில் ஓடக் கூடாது. ஒவ்வோர் அடியிலும் கணுக்காலை அது ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்.

2. பக்கவாட்டுச் சுருக்கங்கள். நடுத்தளத்தின் பக்கச் சுவரில், குறிப்பாகக் குதிகாலுக்குக் கீழே, கிடைமட்டமாக மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மடித்து மடித்துப் பழகிய தாளில் விழும் கோடுகளைப் போல இருக்கும். கை வைக்காதபோதும் கோடுகள் தெரிந்தால் நுரை முழு உயரத்துக்கு எழவில்லை. இரண்டு காலணிகளிலும் கோடுகளின் ஆழம் வேறுபட்டால், ஆழம் கூடிய பக்கத்துக் கால்தான் கூடுதல் சுமையைத் தாங்குகிறது.

3. கட்டைவிரல் அழுத்தம். உள்மெத்தையை உருவிவிட்டு, காலணிக்குள் கையை விட்டு, குதிகால் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்த வேண்டும். பிறகு பாதத்தின் வளைவுப் பகுதியில், அதாவது சுமை குறைவாக விழும் இடத்தில், அதே பலத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். வளைவுப் பகுதி விரலை உள்வாங்கித் திருப்பித் தள்ளும். குதிகால் நடு, பலகையை அழுத்துவது போல் எதிர்த்து நின்றால், அல்லது அமுங்கிய பள்ளம் மெதுவாக மேலேறினால், நுரையின் வேலை முடிந்துவிட்டது. கடையில் புதுக் காலணியோடு ஒப்பிடுவதைவிட இந்த ஒப்பீடு நம்பகமானது. ஒரே காலணியின் உழைத்த இடமும் உழைக்காத இடமும் அருகருகே இருக்கின்றன.

4. முறுக்கல். குதிகாலை ஒரு கையாலும் முன்பகுதியை மறு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பார்க்கலாம். புதிதாக வாங்கியபோது எதிர்த்து நின்ற காலணி இப்போது எளிதாக முறுக்கிக்கொண்டால் அதன் உள் அமைப்பு தளர்ந்துவிட்டது. வாங்கிய நாளிலேயே நெகிழ்வாக இருந்த மாதிரிகளுக்கு இது பொருந்தாது.

5. குதிகால் கிண்ணமும் உள் துணியும். கிண்ணத்தை இரு பக்கமும் அழுத்தினால் நொறுங்குவது போல் மடங்கக் கூடாது. உள் துணி கிழிந்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குதிகாலைத் தொடத் தொடங்கினால் கொப்புளம் நிச்சயம்.

6. அடி ரப்பர். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் மேலே சொல்லப்பட்டது. குதிகாலின் வெளி ஓரம் முதலில் தேய்வது பெரும்பாலோருக்கு இயல்பானதே. ரப்பர் முழுவதும் தேய்ந்து வெள்ளை நுரை எட்டிப் பார்த்தால் மாற்ற வேண்டியதுதான். நுரைக்கு உராய்வைத் தாங்கும் திறன் இல்லாததால் அதற்குப் பிறகு தேய்மானம் நாளுக்கு நாள் வேகமெடுக்கும்.

## உடல் தரும் அறிகுறிகள்

காலணியைக் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. வலி புதிதா? பயிற்சியின் அளவையோ வேகத்தையோ அண்மையில் கூட்டாமல் இருந்தும் வந்ததா? வேறு காலணியில் ஓடினால் குறைகிறதா? மூன்றுக்கும் விடை ஆம் என்றால் காலணியைச் சந்தேகிக்கலாம். முன்னங்கால் எலும்பின் உட்புறம் நெடுக ஒரு மந்தமான வலி, காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் குத்தல், முழங்காலைச் சுற்றி எரிச்சல், வழக்கமான தொலைவு ஓடியதும் கால்கள் வழக்கத்தைவிடச் சோர்ந்துபோவது ஆகியவை அடிக்கடி சொல்லப்படும் அறிகுறிகள்.

ஒரு வகை வலிக்கு இந்தக் கேள்விகள் பொருந்தா. எலும்பின் மேல் ஒரே புள்ளியில், விரல் வைத்தால் துள்ளும் அளவுக்கு வலித்தால் அது எலும்பில் விழுந்த அழுத்த முறிவாக இருக்கக்கூடும். புதுக் காலணி வாங்கி ஓடிப் பார்ப்பதற்கு அங்கே இடமில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விதி வேறு

தென்னாப்பிரிக்க இந்திய வம்சாவளியினரிடையே சர்க்கரை நோய் மிகுதி என்பது நம் வீடுகள் ஒவ்வொன்றும் அறிந்த உண்மை. காலையில் நடக்கும்படி மருத்துவர் சொல்லியனுப்புவது பெரும்பாலும் இவர்களைத்தான். மேலே சொன்ன உடல் அறிகுறிகளை நம்ப முடியாதவர்களும் இவர்கள்தாம். நாள்பட்ட சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளை மெல்ல மரக்கச் செய்கிறது. நுரை செத்துப்போய்க் கட்டியானாலும், உள் துணி கிழிந்து தோலைத் தேய்த்தாலும், சிறு கல் ஒன்று உள்ளே கிடந்தாலும் வலி என்னும் எச்சரிக்கை மணி ஒலிப்பதில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் போன பிறகே தெரியவருகிறது.

ஆகவே இவர்கள் வலிக்காகக் காத்திருக்காமல் கண்ணாலும் கையாலும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அணிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் காலணியைத் தலைகீழாகத் தட்டிவிட்டு உள்ளே கையால் தடவிப் பார்க்க வேண்டும். நடந்து வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாத முதியவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்லலாம். ஒரே இடம் சிவந்திருந்தால், தோல் தடித்திருந்தால், அன்றோடு அந்தக் காலணியை ஒதுக்கிவிட வேண்டும். காவடிக்கும் தீமிதிக்கும் வெறுங்காலுடன் நடந்தவர்கள், உள்ளங்காலில் புண் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும்வரை காலணி அணிந்து பயிற்சிக்குத் திரும்பக் கூடாது. பாதத்தில் உணர்வு எந்த அளவுக்கு உள்ளது என்பதை மெல்லிய நைலான் இழையால் தொட்டுச் சோதிக்கும் எளிய முறை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைச் செய்யும்படி கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

## நடைக்கும் ஜிம்முக்கும்

நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருப்பதால் விசை உடல் எடையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே காலணி நடைக்கு மட்டும் பயன்பட்டால் கூடுதல் தொலைவு உழைக்கும். பளு தூக்குபவர்களின் காலணிக்குக் குதிகால் கடினமாகவே இருக்க வேண்டும். நுரைச் சோதனைக்கு அங்கே வேலையில்லை, அடி பெயர்ந்தாலோ பக்கவாட்டில் தளர்ந்தாலோ மாற்றினால் போதும். ஓட்டக் காலணியோடு பளு தூக்குவது காலணிக்கும் கேடு, சமநிலைக்கும் கேடு. குழந்தைகளுக்கு நுரை தளர்வதற்குள் கால் வளர்ந்துவிடும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்கிறதா என்பதை மட்டும் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

## மாற்றும்போது செய்ய வேண்டியவை

பழையதை எறிந்துவிட்டு மறுநாளே புதியதில் 20 கிலோமீட்டர் ஓடுவது பெரிய தவறு. தளர்ந்த நுரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட உடல், புதிய நுரைக்கு மீண்டும் பழக வேண்டும். பழையது 500 கிலோமீட்டரை நெருங்கும்போதே புதியதை வாங்கி, வாரத்துக்கு ஒரு குறுகிய ஓட்டத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் முழுவதும் மாறுவது நல்ல முறை.

இரண்டு வெவ்வேறு மாதிரிகளை மாற்றி மாற்றி அணிவதற்கும் ஆதாரம் உண்டு. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கண்காணித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு காலணியும் காலின் சுமையைச் சற்றே வேறு இடத்தில் இறக்கிவைப்பதால் ஒரே தசையும் ஒரே எலும்பும் நாள்தோறும் அடிபடுவதில்லை என்பது அதற்கான விளக்கம். செலவு இரட்டிப்பாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் பாதித் தொலைவே ஓடுவதால் இரண்டும் இரு மடங்கு நாள் வரும். 2,400 ரேண்டுக்கு வாங்கிய காலணி 600 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 4 ரேண்ட். ஒரு ஜோடியானாலும் இரண்டானாலும் இந்தக் கணக்கு மாறாது.

காம்ரேட்ஸ் ஓடுபவர்களுக்கு இதையே காலண்டரில் பொருத்திச் சொல்வதானால்: பந்தய நாளன்று அணியும் காலணி 80 முதல் 150 கிலோமீட்டர் வரை ஓடியதாக இருப்பது நல்லது. அதில் ஒரு நீண்ட ஓட்டமாவது அடங்கியிருக்க வேண்டும். அப்படியானால் ஏப்ரல் கடைசியில் வாங்கிவிட வேண்டும். ஜனவரியில் தொடங்கிய ஜோடியை ஜூன் வரை இழுப்பவர், 1,000 கிலோமீட்டர் தாண்டிய நுரையோடு ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்குவார்.

## குறைபாடு வேறு, தேய்மானம் வேறு

இரண்டு மாதத்தில் அடிப்பகுதி பிரிந்து வாய் திறந்துகொண்டால் அது தேய்மானம் ஆகாது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56 பிரிவுகளின்படி, விற்கப்படும் பொருள் குறைபாடின்றி, நியாயமான காலத்துக்கு உழைப்பதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், பெற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கித் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவரின் உரிமை. ‘தள்ளுபடிப் பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது’ என்ற அறிவிப்புப் பலகை மட்டுமே இந்த உரிமையைப் பறித்துவிடாது. 700 கிலோமீட்டர் ஓடிய காலணியின் நுரை தட்டையானதற்கு இந்தச் சட்டத்தை நாட முடியாது. ரசீதைப் படம் எடுத்து வைப்பதும், ஓடத் தொடங்கிய தேதியைக் காலணி நாக்கின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைப்பதும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட உதவும். கிலோமீட்டரைக் குறிக்கச் செயலி எதையும் பயன்படுத்தாதவருக்கு அந்தத் தேதியே கணக்கேடு: வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 500 கிலோமீட்டர் என்பது 20 வாரம்.

ஓட்டத்துக்கு ஆகாத காலணி தோட்ட வேலைக்கும் கடைக்குப் போய் வருவதற்கும் இன்னும் ஓர் ஆண்டு ஆகும். ஓடத் தொடங்கியிருக்கும் தம்பிக்கோ மருமகனுக்கோ அதைக் கொடுக்கக் கூடாது. நுரை அமுங்கியிருப்பது முந்தையவரின் பாதத்துக்கும் சாய்வுக்கும் ஏற்பத்தான். புதியவரின் கணுக்கால் முதல் நாளிலிருந்தே அந்தச் சாய்வில் ஓட வேண்டியிருக்கும்.